அக்கா சொன்ன ‘முடியாது’

அட்லாண்டா,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுமதி,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் ஊருக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மணி அண்ணன் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். அந்தப் பச்சைச் சட்டையை இன்னும் விடவில்லையா மனிதர்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் அக்காவைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். கறுப்பினப் பெண்மணி, பில்லிங் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறார். நான் சேர்ந்த புதிதில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர். ‘அக்கா’வுக்கு அர்த்தம் சொன்ன நாளிலிருந்து வேறு பெயரில் கூப்பிட விடமாட்டார். யார் லீவு போட்டாலும் அந்த வேலை அவர் மேஜைக்குத்தான் போகும். கத்துகிற நோயாளியின் போனும் அவருக்குத்தான். “அவங்க தாங்குவாங்க” என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், சுமதி. பெரியவள் காய்ச்சலில் கிடந்த வாரம் என் வேலை முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரத்த அழுத்தம் 190. நான்தான் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போனேன்.

அதற்கப்புறம் அவர் மாறினார். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். போனைக் கவிழ்த்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிடுவார். ஐந்தேகாலுக்கு மேஜைக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்து லேஸ் கட்டுவார். அந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும், “இன்னைக்கு முடியாது, நாளைக்குக் காலையில பார்க்கிறேன்” என்பார். குரல் உயராது. மன்னிப்பும் கேட்க மாட்டார்.

போன மாதம் அவருடைய வருஷ மதிப்பீட்டில் மேனேஜர் எழுதியிருக்கிறார்: ‘ஒத்துழைப்பு குறைந்துவிட்டது, கோபம் தெரிகிறது.’ படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மார்ச்சில் எதிர் சீட்டு வெள்ளைக்காரப் பெண் ஐந்து மணிக்கு மேல் மெயில் பார்க்க மாட்டேன் என்றாள். இதே மேனேஜர் எல்லோர் முன்னாலும், தன் நேரத்தை மதிக்கத் தெரிந்தவள் என்று அவளைப் பாராட்டினார். நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

இங்கே இதற்கென்று ஒரு பட்டமே உண்டு, ‘கோபக்காரக் கறுப்புப் பெண்’ என்று. அது தன்மேல் விழுந்துவிடக் கூடாதென்றே இத்தனை வருஷம் குரலைத் தணித்து, முடியைக்கூட நேராக்கிக்கொண்டு வந்தாராம். சடை சடையாகப் பின்னி வந்த முதல் நாளே ஒருத்தி கேட்காமல் தொட்டுப் பார்த்தாள். தலைமுடியைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாதென்று கலிபோர்னியாவில் 2019இல்தான் முதல் மாநிலச் சட்டம் வந்தது. யோசித்துப் பார், முடிக்கு ஒரு சட்டம்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992லேயே எழுதிவிட்டார்: இந்த நிறப் பாகுபாட்டுக்கு நடுவே தினம் தினம் தாக்குப்பிடிப்பதில் கறுப்பினப் பெண்களின் உடம்பு சீக்கிரமே தேய்ந்துபோகிறது என்று. அந்த 190ஐ நான் கண்ணால் பார்த்தேனே.

இப்போது அக்கா லீவில் இருக்கிறார். நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவர் பாட்டியின் படம் மாட்டியிருக்கிறது. இதே ஊரில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர். “டாரத்தி போல்டனைத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஒன்பது வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவராம். 1940களில் ஒரு நாள் வேலை முடித்துக் கிளம்பும்போது, பாத்திரத்தையும் கழுவிவிட்டுப் போ என்றாள் எஜமானி. முடியாது என்று சொல்லிவிட்டு நடந்தார். போலீஸ் வந்து பிடித்துப் போனது. வெள்ளைக்கார அம்மாவை மறுத்துப் பேசியதால் புத்தி சரியில்லை என்று மனநல டாக்டரிடம் காட்டினார்கள். அந்தப் போல்டன்தான் பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்களிடம் பேசிப் பேசி 1968இல் சங்கம் கட்டினார். சேர்ந்தவர்கள் வாக்காளராகப் பதிய வேண்டும் என்பது விதி. அக்காவின் பாட்டி ஓட்டுப் போட ஆரம்பித்ததே அப்படித்தானாம்.

“அப்போ பைத்தியம்னாங்க. இப்போ கோபம்ங்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஐஸ் டீ ஊற்றினார்.

டாக்டர் ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். 1993இல் வந்த சட்டப்படி உடம்புக்குக் கடுமையாக முடியாமல் போனால் பெரும்பாலான பெரிய ஆபீஸ்களில் 12 வாரம் வரை லீவு எடுக்கலாம், வேலை போகாது. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வெள்ளைக்கார ஆண் ஒரு டாலர் வாங்கினால் கறுப்பினப் பெண்ணுக்குச் சராசரியாக மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. சேமிப்பு எங்கிருந்து வரும்? வீட்டுக் கடன், மகன் காலேஜ் பீஸ் என்று காகிதத்தில் கூட்டிக் காட்டினார். மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது.

“நீ என்னடி செய்தாய்?” என்று கேட்பாய், கணக்கு டீச்சர் மகளாயிற்றே. செவ்வாய் பத்து மணிக்கு மேனேஜரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். மார்ச்சில் சொன்னதையும் மதிப்பீட்டில் எழுதியதையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான். “நீ பார்த்ததை மட்டும் சொல்லு. என் உடம்பு விஷயம் அந்த அறைக்குள்ள போகக் கூடாது” என்றார். உன்னிடம் சொல்லலாமா என்றும் கேட்டேன். கடல் தாண்டிப் போனால் போகட்டும் என்றார்.

மாதக் கடைசி வேலையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மீதிக்கு ஆள் கேட்கப் போகிறேன். நெஞ்சு படபடக்கிறது, ஆனாலும் பேசிவிடுவேன்.

அம்மாவின் கண் ஆபரேஷன் என்ன ஆச்சு? எழுது. புளியோதரை சத்தியமாக இந்தத் தடவை உடனே பதில் போடுகிறேன்.

உன்,
கலா