இறங்க ஆள் தேடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் உரிமைகள் பற்றி வந்த கட்டுரையில், ‘சட்டம் கொடுப்பதே உரிமை, அறத்தால் வரும் உரிமை வெறும் பேச்சு’ என்ற கருத்து இருந்தது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. பாதுகாப்பில்லாமல் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பு மூச்சுத் திணறிச் செத்தவர்களுக்கு அநீதியே நடக்கவில்லையா? நடந்தது. அதைப் பொறுக்க முடியாமல் போராடியதால்தான் சட்டமே வந்தது.

‘கூலி பேசித்தானே இறங்குகிறார், அவர் சம்மதம்தானே’ என்பார்கள். எதற்குச் சம்மதம்? தொட்டிக்குள் உருவாகும், அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டினால் சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று தோன்றுவது அப்போதுதான். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார். 1,000 என்றால் ஓரிரு மூச்சுதான். மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் மட்டும் போதாது, சகதியைக் கிளறும்போதுதான் உள்ளே அடைபட்ட வாயு கிளம்புகிறது. காகிதத்தைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம்: மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்பதையோ அது காட்டாது. முகத்தில் கட்டிய துண்டு எந்த வாயுவையும் தடுக்காது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் அப்படியே குதிக்கிறார். இரண்டு, மூன்று பேராகச் சாவது இதனால்தான்.

பசிக்கும் வீட்டிலிருந்து வருபவரின் சம்மதத்தை எடுத்துக்காட்டி இதை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிகளைச் சேர்ந்தவர்களே இறங்குவதற்கும் ‘சம்மதம்’ என்று பெயர் வைக்க முடியுமா?

உச்ச நீதிமன்றம் 2014இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவசியமான உத்தரவுதான், ஆனால் அந்தப் பணம் வருவது சாவுக்குப் பிறகு.

சாவைத் தடுக்கும் வேலை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைத்தால் சகதி குழம்பாகவே இருக்கும், குழாய் உறிஞ்சிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டு விட்டால் அடியில் கட்டிதட்டிவிடும். அப்போதுதான் ‘ஒருத்தர் இறங்கிச் சுரண்டணும்’ என்ற பேச்சு எழுகிறது. அந்த நிலையிலும் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கரைத்து, வெளியில் நின்றபடியே உறிஞ்சலாம். நேரமும் செலவும் கூடும், அவ்வளவுதான். தொட்டி மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதையும் நிறுத்த வேண்டும். திறப்பு குழாய் நுழையும்படியும் லாரிக் குழாய் எட்டும் இடத்திலும் இருக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுபவர்கள் இதை மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

லாரிக்காரர் ‘ஆளை இறக்கினால் சீக்கிரம் முடியும்’ என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கழிவுநீர் அகற்றுவதற்கான உதவி எண் 14420.

இப்படிக்கு,
ஒரு வாசகர்