கூலிங் டவர் உறுமல்: நம் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள நம் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கட்டடக் குளிர்சாதனத்தின் சூட்டை விசிறிகளால் வெளியேற்றும் கூலிங் டவரின் சத்தம் குறித்த புகாருக்கு உங்கள் பதில் கிடைத்தது. படுக்கையறையில் 30 டெசிபல்தான், வரம்புக்குள் இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அளந்ததில் பொய் இல்லை. அளந்த விதத்தில்தான் சிக்கல்.

கருவி 'ஏ' அளவில் வைக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த ஒலியை, அதாவது அலைவெண் குறைந்த உறுமலை, அந்த அளவு பெருமளவு கழித்துவிடும். 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு) 60 டெசிபல் உறுமினாலும் அதில் பாதியைத்தான் காட்டும். 'சி' அளவில் இப்படிக் கழியாது. இரண்டுக்கும் 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அலைவெண் வாரியாக ஆராய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

சத்தம் ஒரே சீராக இருந்தாலாவது பழகியிருப்போம். எல்ஆர்டி ரயில் ஓடுகிற ஊரில்தானே குடியிருக்கிறோம்! இது ஏறி இறங்குகிறது. இரண்டு விசிறிகளின் வேகம் துளி மாறுபட்டால் போதும். ஒன்றின் உறுமல் 50 ஹெர்ட்ஸ், மற்றதன் உறுமல் 49 என்றால், நொடிக்கு ஒருமுறை வூம்... வூம் என்று வீங்கி வடியும். தாழ்ந்த ஒலியில் சில டெசிபல் கூடினாலே காதுக்கு அது பெரிய ஏற்றம். நீங்கள் கொடுத்ததோ சராசரி. அதில் இந்த ஏற்ற இறக்கம் எங்கே தெரியும்? ஜன்னலைச் சாத்தினால் சாலைச் சத்தம் குறையும். இந்த உறுமலின் கிட்டத்தட்ட 7 மீட்டர் நீள அலையை அந்தக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. மூடி மறைத்துக்கொண்டிருந்த சாலை ஓசையும் போனபின் உறுமல் இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை, இது மனப்பிரமை என்றார் உங்களில் ஒருவர். அவருக்குக் கேட்காமல் இருக்கலாம். தாழ்ந்த ஒலி காதில் விழத் தொடங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒரே அறையில்கூடச் சுவரோரம் ஓங்கியும் நடுவில் அடங்கியும் ஒலிக்கும். கட்டில் சுவரோரம் கிடக்கிறது. நீங்கள் அனுப்பியவர் அறை நடுவில் நின்று அளந்தார், அதுவும் பட்டப்பகலில்.

இரவில், தலையணைப் பக்கம், 'சி' அளவிலும் அலைவெண் வாரியாகவும் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஏதாவது சில இரவுகளில் ஒரு விசிறியை மட்டும் ஓட்டுங்கள். எந்த இரவுகள் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். உறுமல் ஏறி இறங்கிய இரவுகளை நாங்கள் எழுதித் தருகிறோம். உங்கள் டெக்னீஷியனின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மனப்பிரமையா இல்லையா என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்கள்