பி.எஸ்.ஏ.டி. வெறும் ஒத்திகையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெற்றோர் பக்கத்தில், அமெரிக்கப் பள்ளிகளில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக நடக்கும் பி.எஸ்.ஏ.டி. பற்றி ஒரு வரி வந்திருந்தது: "பி.எஸ்.ஏ.டி. வெறும் ஒத்திகைத் தேர்வுதான், எழுதாவிட்டாலும் நஷ்டமில்லை." பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது சரி. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தப்பான யோசனை இருக்க முடியாது. அந்தத் தேர்வின் முழுப்பெயரில் பின்பாதியே 'நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் தகுதித் தேர்வு' என்பதுதான். தங்களுக்குத் தெரியாததா? கட்டுரையாளருக்குப் பெயரின் முன்பாதியே போதுமாக இருந்திருக்கிறது.

1955இல் தொடங்கிய, கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தரும் நேஷனல் மெரிட் திட்டத்துக்குள் நுழைய, பதினோராம் வகுப்பின் அக்டோபரில் எழுதும் இந்த ஒரு தேர்வுதான் வாசல். ஒன்பதிலும் பத்திலும் எழுதியது கணக்கில் வராது. பத்தாம் வகுப்பினருக்கென்று வசந்த காலத்தில் நடக்கும் பி.எஸ்.ஏ.டி. 10ம் வராது. எஸ்.ஏ.டி.க்கு வீட்டிலிருந்தே பதிவதுபோல் இதற்குப் பதிய முடியாது, பள்ளி மூலம்தான் பதிய வேண்டும். பல பள்ளிகளில் செப்டம்பரிலேயே பெயர்ப் பட்டியலை முடித்துவிடுகிறார்கள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளை என்றால் பக்கத்துப் பள்ளியிடம் முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும். நோய், அவசரம் போன்ற காரணங்களால் தேர்வைத் தவறவிட்டவர்கள் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்து மாற்று வழியில் நுழையக் கேட்கலாம். அதற்கும் கெடு உண்டு. 'பத்திரிகையில் போட்டிருந்தார்கள், அதனால் எழுதவில்லை' என்பது அந்தக் காரணங்களில் சேராது.

இதே பக்கத்தில் முன்பு, பி.எஸ்.ஏ.டி.யின் மொத்த மதிப்பெண்ணான 1520க்கு எவ்வளவு எடுத்தால் நேஷனல் மெரிட் என்று ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். அப்போதே கடிதம் எழுதியிருக்க வேண்டும், விட்டது என் தப்பு. 1520ஐ வைத்து எதுவும் முடிவாவதில்லை. செலக்‌ஷன் இண்டெக்ஸ் என்று வேறு ஒரு எண் இருக்கிறது. ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணக்கு மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுத்தால் அது வரும். உச்சம் 228. இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் மொத்தம் 1480. ஒருத்திக்கு ஆங்கிலம் 760, கணக்கு 720. இண்டெக்ஸ் 224. இன்னொருவனுக்கு ஆங்கிலம் 720, கணக்கு 760. இண்டெக்ஸ் 220. 2025இல் பள்ளி முடித்தவர்களுக்கு நியூஜெர்சியில் கட்-ஆஃப் 223. அவள் செமிஃபைனலிஸ்ட், அதாவது உதவித்தொகைக்கான அடுத்த சுற்றுக்குத் தேறியவள், அவன் இல்லை. நம் வீடுகளில் கணக்குக்கு மூன்று டியூஷன் வைத்துவிட்டு, "இங்கிலீஷ் அவனே பாத்துப்பான்" என்று விடுகிற பழக்கம் எவ்வளவு விலை பிடிக்கிறது என்பது இந்த ஒரு வகுத்தலில் தெரியும்.

அந்த 220ஐயே டெக்ஸஸ் பள்ளி ஒன்றில் எடுத்திருந்தால் அதே ஆண்டில் தேறியிருப்பான், அங்கே கட்-ஆஃப் 219. நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவர்களில் ஒவ்வொரு மாநிலத்தின் பங்கு எவ்வளவோ, அந்த விகிதத்தில் செமிஃபைனலிஸ்ட் இடங்களைப் பிரித்து, மேலிருந்து கீழாக நிரப்புகிறார்கள். இடம் தீருகிற புள்ளிதான் கட்-ஆஃப். அதனால் அது மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2026இல் முடிக்கிறவர்களுக்கு நியூஜெர்சியில் 225 ஆகிவிட்டது. அந்த 224 பெண்ணும் வெளியே! போன வருட எண்ணை நம்பி "வந்துவிடும்" என்று ஸ்வீட் வாங்குகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

தேர்வும் பழைய தாள் தேர்வு இல்லை. 2023 அக்டோபர் முதல் கணினியில், ப்ளூபுக் செயலியில் நடக்கிறது. ஆங்கிலம், கணக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு பகுதி. ஆங்கிலத்தில் ஒரு மாட்யூலுக்கு 32 நிமிடத்தில் 27 கேள்வி, கணக்கில் ஒரு மாட்யூலுக்கு 35 நிமிடத்தில் 22 கேள்வி. முதல் மாட்யூலில் செய்வதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்தால் அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உச்சத்தைத் தொட முடியாது. "செகண்ட் பார்ட் ரொம்ப ஈஸிம்மா" என்று பிள்ளை வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். முதல் மாட்யூலின் தொடக்கக் கேள்விகளில் அவசரப்பட்டு விடுகிற தப்புதான் இதில் ஆளை விழுத்துகிறது. தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது, ஒன்றையும் காலியாக விடக் கூடாது.

வாழ்த்துப் பக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் 'நேஷனல் மெரிட் வென்ற நம் செல்வங்கள்' என்று படம் போடுகிறீர்கள். செப்டம்பரில் யாரும் எதையும் வெல்வதில்லை. சுமார் 13 லட்சம் பேர் நுழைகிறார்கள். 34,000 பேர் அளவில் கமெண்டட், அதாவது பாராட்டுப் பட்டியல், அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சான்றிதழோடு சரி. 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட். பிப்ரவரியில் ஏறத்தாழ 15,000 பேர் ஃபைனலிஸ்ட். பணம் கிடைப்பது கிட்டத்தட்ட 7,000 பேருக்கு. ஒரு குழந்தையை '99 சதவீத மதிப்பெண்' என்றும் போட்டிருந்தீர்கள். அது பெர்சன்டைல் ஐயா, நூற்றில் எத்தனை பேரைவிட மேலே என்ற கணக்கு. சதவீதம் வேறு, அது வேறு.

செமிஃபைனலிஸ்ட் ஆனபின் செய்ய வேண்டியது நிறைய. அக்டோபரில் விண்ணப்பம் கெடு முடிகிறது. கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், பிறகு பி.எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை உறுதிப்படுத்தும் எஸ்.ஏ.டி. அல்லது அதுபோன்ற ஏ.சி.டி. தேர்வின் மதிப்பெண். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை நேஷனல் மெரிட்டின் 0085 என்ற குறியீட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் எழுதியதாக இருக்க வேண்டும், இரண்டு தேர்வுகளின் நல்ல பாதிகளை ஒட்ட வைக்க முடியாது. கல்லூரி தரும் உதவித்தொகை வேண்டுமென்றால் அந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகப் பதிய வேண்டும். நேஷனல் மெரிட் ஒருமுறை மட்டும் தரும் 2,500 டாலரைவிட அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை ஃபைனலிஸ்ட்டுகளுக்குத் தருவது பல மடங்கு. ஹார்வர்டு வகையறா இதற்கென்று ஒரு காசும் தருவதில்லை.

இன்னொன்று. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு இது இல்லை என்று ஒருமுறை பதில் சொன்னீர்கள். இப்போதைய விதிப்படி அமெரிக்காவில் உள்ள பள்ளியில் படித்தால் நுழையலாம், குடியுரிமை நிபந்தனை வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்குத்தான். பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கும் எச்-4 வீடுகள்தான், அதாவது வேலை விசாக்காரரின் குடும்ப விசாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள்தான், தங்கள் சந்தாதாரர்களில் கணிசம்.

2022 கடைசியில் வர்ஜீனியாவில் சில பள்ளிகள் கமெண்டட் சான்றிதழ்களை உரிய நேரத்தில் தரவில்லை என்று மாநிலமே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த ஆண்டு தாங்கள் கொலு பொம்மைகளுக்கு நாலு பக்கம் கொடுத்தீர்கள். கொலு நன்றாகத்தான் இருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம். ஆகஸ்ட் இதழில் 'பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியில் பி.எஸ்.ஏ.டி. பெயர் கொடுத்தாயிற்றா?' என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. கோலப் போட்டி அறிவிப்புக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
எடிசன், நியூஜெர்சி