2,628க்குப் பக்கத்தில் 11 என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புத்தாண்டு பிறந்த வாரத்தில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் பாய்ஸி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி ஒரே பருவத்தில் பந்தோடு 2,601 கெஜம் ஓடியிருக்கிறார், பேரி சாண்டர்ஸ் 1988இல் வைத்த 2,628 கெஜச் சாதனையை 27 கெஜத்தில் தவறவிட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு வரி வருவதே அபூர்வம். அதற்கு முதலில் என் நன்றி. நீங்கள் போட்ட இரண்டு எண்களும் சரி. ஆனால் அவற்றோடு சேர்ந்து வரவேண்டிய வேறு இரண்டு எண்களை விட்டுவிட்டீர்கள். சாண்டர்ஸ் அந்தக் கெஜங்களை ஓடியது 11 ஆட்டத்தில். ஜென்டி ஓடியது 14 ஆட்டத்தில். இதைச் சொல்லாமல் "மயிரிழையில் தவறியது" என்று தலைப்பு வைத்தால், படிக்கிறவர் இருவரும் ஏறக்குறைய சமம் என்றுதானே நினைப்பார்? ஆட்டத்துக்கு என்று வகுத்துப் பாருங்கள். சாண்டர்ஸுக்கு 238 கெஜத்துக்கு மேல் வருகிறது, ஜென்டிக்கு 185 கெஜத்துக்குச் சற்று மேல்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். தொழிலாளர் பெயரையும் வேலையையும் பதியும் செக்ரோல் எழுதியே கை காய்த்தது. ஒருவருடைய பெயருக்கு நேரே ஓர் எண்ணைப் போட்டால் அது எத்தனை நாள் வேலைக்கு, எந்த மரநிரையில், எப்படி எடை போட்டது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு கிழவனுக்கு அமெரிக்காவில் எவனோ ஓடியதைப் பற்றி என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் என் கடைசித் தம்பி.

அவன் 1986இல் பொறியியல் படிக்க ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊருக்குப் போனான். அம்மாவின் சங்கிலியும் என் சேமிப்பும் அந்த விமான டிக்கெட்டில் போயின. முதல் வருடக் கடிதங்களில் குளிர், சாப்பாடு, பரீட்சை, இவைதான் இருந்தன. 1988 செப்டம்பரிலிருந்து கடிதத்தோடு பத்திரிகைத் துண்டுகள் வரத் தொடங்கின. அவன் படித்த ஓக்லஹோமா ஸ்டேட் கல்லூரியில் இரண்டு வருடமாகத் தர்மன் தாமஸுக்குப் பின்னால் காத்திருந்த ஒரு மாணவர் இப்போது முன்னுக்கு வந்து ஓடுகிறார், மைதானமே எழுந்து நிற்கிறது என்று எழுதினான். அந்த மாணவர்தான் பேரி சாண்டர்ஸ்.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. கணக்கு உடனே புரிந்துவிட்டது. தம்பி எழுதியதை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்: "அண்ணா, இங்கேயும் ஒரு கிராணி உயரத்தில் அமர்ந்திருக்கிறார். பந்து எந்தக் கோட்டிலிருந்து புறப்பட்டது, ஓடியவர் எந்தக் கோட்டில் விழுந்தார் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். அரைக் கெஜம், கால் கெஜம் என்று எழுத மாட்டார்கள். முழுக் கெஜம்தான். புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் பிடித்து வீழ்த்திவிட்டால் அந்தக் கெஜத்தைக் கழிக்கிறார்கள்." ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோரில், பாலின் கெட்டியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியைப் போட்டுப் பார்த்து, தண்ணீருக்குக் கழித்து எழுதும் எனக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையா?

எழுதாத செக்ரோல் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் எதிரணியின் பெயரும், ராத்தல் எழுதும் இடத்தில் கெஜமுமாக எழுதிக்கொண்டே வந்தேன். கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரை அடுத்த வரி காலியாகவே இருக்கும். 178, 157, 304, 174, 189, 154, 320, 215, 312, 293. பத்து வரி ஆனபோது 2,296. பதினோராவது ஆட்டம் டெக்சஸ் டெக் அணியோடு, அதுவும் டிசம்பரில் தோக்கியோவில் நடந்தது. மலேசியாவில் இருக்கும் நமக்கும் தோக்கியோவுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். தம்பி ஸ்டில்வாட்டரில் இருந்தான், ஆட்டம் நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் 332. கூட்டிப் பாருங்கள், 2,628 வரும். கல்லூரிக் காற்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் விருதும் அந்த ஆண்டு அவருக்குத்தான்.

நான் பன்னிரண்டாவது வரியும் எழுதினேன். 1988 டிசம்பர் 30ஆம் நாள் சான் டியேகோவில் ஹாலிடே பௌல் என்ற ஆட்டம் நடந்தது. பருவம் முடிந்த பிறகு அழைப்பின் பேரில் ஆடுவதைப் 'பௌல்' ஆட்டம் என்கிறார்கள். அதில் வயோமிங் அணியை ஓக்லஹோமா ஸ்டேட் 62க்கு 14 என்று வென்றது. சாண்டர்ஸ் 222 கெஜம் ஓடினார், எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டும் 'டச் டவுன்' ஐந்து போட்டார். சேர்த்தால் 12 ஆட்டத்தில் 2,850. சந்தோஷமாகக் கூட்டி, மையில் எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டேன். பிறகு தம்பியின் கடிதம் வந்தது: "பௌல் ஆட்டத்தைச் சேர்க்காதீர்கள். அதிகாரபூர்வக் கணக்கில் அது கிடையாது." இரட்டைக் கோட்டை அடித்துவிட்டு, 222ஐப் பென்சிலில் ஓரத்துக்கு மாற்றினேன்.

இதுதான் விஷயம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல காலம் பௌல் ஆட்டத்தில் ஓடியதை ஒருவருடைய தனிக் கணக்கில் சேர்க்கவில்லை. 2002ஆம் ஆண்டிலிருந்துதான் சேர்க்கிறது. பின்னோக்கிப் போய்ப் பழையவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கவும் இல்லை. ஜென்டியின் 2,601இல் அவருடைய வட்டார இறுதியாட்டமும் இருக்கிறது, 2024 டிசம்பர் 31இல் பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா பௌல் ஆட்டமும் இருக்கிறது. அந்தக் கடைசி ஆட்டத்தில் மட்டும் 104 கெஜம். அந்தப் பையன் மீது எனக்குத் துளியும் குறையில்லை. 374 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒவ்வொரு முறையும் நான்கைந்து பேரிடம் அடிபட்டு எழுந்தவர் அவர். அவரும் விதிப்படிதான் ஓடினார், சாண்டர்ஸும் விதிப்படிதான் ஓடினார். விதிதான் இரண்டு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் அங்கே வீடுகள் எழுந்துவிட்டன. 1967இல் அங்கே ஒரு பரிசு அறிவித்தார்கள். ஓர் ஆண்டில் அதிக ராத்தல் பால் நிறுத்தவருக்குத் தீபாவளியன்று ஒரு சுவர்க் கடிகாரம். அம்மாவின் நிரை மேட்டில் இருந்தது. எல்லாம் வயதான மரங்கள். விடியுமுன் சீவிய கோட்டில் பால் மெதுவாகத்தான் இறங்கும். வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் மாட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துவிட்டு வந்த பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அது மரத்தில் பால் ஏந்தும் மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும். மறுநாள் இருட்டில் அம்மா விரலால் அதைத் தோண்டி எடுத்துச் சாக்கில் போடுவார். பள்ளி விடுமுறையில் நானும் அக்காவும் தோண்டியிருக்கிறோம். விரலிடுக்கில் ஏறிய அந்த வாடை சோறு உண்ணும்போதும் போகாது. கட்டிப்பாலுக்குக் கூலி உண்டு. ஆனால் பரிசுக் கணக்கில் அது இல்லை. வாளியில் வந்த பால் மட்டும்தான் கணக்கு. அம்மா இரண்டாவதாக வந்தார்.

இரண்டு வருடம் கழித்து நிர்வாகம் விதியை மாற்றியது. கட்டிப்பாலையும் சேர்த்தார்கள். அந்த வருடம் வென்றவரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிறுத்தி, தோட்டத்தின் வரலாற்றிலேயே இதுதான் அதிகம் என்று அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், அம்மாவும் தட்டினார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

1976இல் அதே தோட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய நிறுவைப் புத்தகங்களை அடுக்கச் சொன்னபோது 1967ஐ எடுத்துப் பிரித்தேன். எனக்கு முன்பிருந்த பெரிய கிராணி அம்மாவின் பெயருக்கு நேரே மையில் பாலின் ராத்தலை எழுதியிருந்தார். அதன் ஓரத்தில், பென்சிலில், சிறிய எழுத்தில் "க.பா." என்று போட்டுக் கட்டிப்பாலின் ராத்தலையும் மாதா மாதம் குறித்து வைத்திருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. இரண்டையும் கூட்டினேன். பெரட்டுக்களத்தில் அறிவித்த எண்ணைவிட அம்மாவின் எண் பெரியது. அன்று மாலை எங்கள் லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எழுதி வைத்திருக்கிறாரா?" என்று இரண்டு முறை கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு உலையில் அரிசி போடப் போய்விட்டார்.

என் அம்மாவுக்கு நடந்ததுதான் விஸ்கான்சின் கல்லூரியின் ரான் டேய்னுக்கும் நடந்தது. 1996 முதல் 1999 வரை நான்கு பருவத்தில் அவர் ஓடியது 7,125 கெஜம். அதில் பௌல் ஆட்டங்களில் ஓடிய 728ஐக் கழித்துவிட்டு 6,397 என்றுதான் அதிகாரபூர்வமாக எழுதினார்கள். 2016 டிசம்பரில் சான் டியேகோ ஸ்டேட் அணியின் டானல் பம்ப்ரி 6,405 கெஜத்தோடு முடித்தார். எட்டுக் கெஜம் அதிகம், ஆகவே புதிய சாதனை என்றார்கள். பம்ப்ரிக்குப் பௌல் ஆட்டங்கள் எல்லாம் கணக்கில் உண்டு. சாதனையைத் தாண்டியதே ஒரு பௌல் ஆட்டத்தில்தான். இந்தக் கதையை எண்ணை மட்டும் போட்டு எப்படிச் சொல்வீர்கள்?

ஓட்டத்தில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. பந்து எறிபவரை எறிவதற்கு முன்பே பிடித்து வீழ்த்துவதை 'சேக்' என்கிறார்கள். சாண்டர்ஸ் ஓடிய அதே 1988இல் அலபாமாவின் டெரிக் தாமஸ் 27 சேக் எடுத்தார். ஆனால் என்.சி.ஏ.ஏ. தடுப்பாட்டக்காரர்களின் தனிக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியதே 2000இல்தான். ஆகவே சாதனைப் பட்டியலில் இருப்பது 2002இல் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் எடுத்த 24. இன்னொன்று: வீழ்த்தப்பட்டவர் இழந்த கெஜத்தைக் கல்லூரி ஆட்டத்தில் அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள், தொழில்முறை ஆட்டத்தில் கழிப்பதில்லை. ஒரே மனிதர், ஒரே கால், கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. சாண்டர்ஸுக்கு முன்னால் நின்று வழி திறந்துவிட்ட ஐந்து தடுப்பாளர்களுக்கோ கெஜக் கணக்கில் கட்டமே கிடையாது. நானும் அக்காவும் தோண்டிய கட்டிப்பால் அம்மா பெயரில் ஏறியதைப் போலத்தான் அதுவும். அது எனக்குக் குறையாகவும் படவில்லை.

பழைய சாதனையைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எழுதிய எண்ணை அழிப்பது எனக்குப் பிடிக்காது. ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்தையும் சேர்த்து அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இடமில்லை என்பீர்கள். "11 ஆட்டத்தில்" என்பது எவ்வளவு இடம் பிடிக்கும்?

இதையே நம் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்ததும் "மாவட்டச் சாதனை முறியடிப்பு" என்று படத்தோடு போடுகிறீர்கள், பெற்றோர் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். முறியடிக்கப்பட்ட சாதனை யாருடையது, எந்த ஆண்டு, புல்தரையில் ஓடியதா செயற்கைத் தடத்தில் ஓடியதா, கைக் கடிகாரத்தில் எடுத்த நேரமா மின்கருவியில் எடுத்த நேரமா, ஒன்றும் இருப்பதில்லை. செம்மண் திடலில் காலணி இல்லாமல் ஓடி அந்தப் பழைய நேரத்தை எடுத்த பெண் இன்று இந்த ஊரிலேயே பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருக்கலாம். தன் பெயர் எங்கே போயிற்று என்று அவர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்.

செக்ரோல் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கறையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, எண்கள் பிழைத்திருக்கின்றன. உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். அதற்கு முன், வருகிற வாரம் விளையாட்டுப் பக்கத்தில் அதே கீழ்மூலையில், கீழே உள்ளதை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்:

பேரி சாண்டர்ஸ், ஓக்லஹோமா ஸ்டேட், 1988: 11 ஆட்டம், 2,628 கெஜம் (கணக்கில் சேராத பௌல் ஆட்டத்தில் 222). ஆஷ்டன் ஜென்டி, பாய்ஸி ஸ்டேட், 2024: பௌல் ஆட்டம் உட்பட 14 ஆட்டம், 2,601 கெஜம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா