எட்டுப் போடும் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

ஸ்கூட்டர்மேல் பழைய சேலையைப் போர்த்தி வைத்துவிட்டதாக நேற்று தொலைபேசியில் சொன்னாய். லைசென்ஸ் தேர்வில் இரண்டாம் முறையும் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாய். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஐம்பத்து நான்கு வயதில் இது தேவையா என்று அப்பா வேறு கேட்டுவிட்டார். "எனக்கு வராது" என்று பேச்சை முடித்துக்கொண்டாய். தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும், அதனால் எழுதுகிறேன். சேலை போர்த்திய ஸ்கூட்டர் நம் வீட்டில் மட்டும் இருக்காது என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

தோல்விதான் வெற்றியின் முதல் படி என்று ஆரம்பிக்க மாட்டேன், பயப்படாதே. அந்த வாசகத்தைப் பள்ளிச் சுவரில் பார்த்தே வளர்ந்தேன். கணக்கில் தோற்ற நாளில் அது ஒரு உதவியும் செய்யவில்லை.

அதற்குப் பதில் சட்டத்தைப் பார்த்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தேறாதவர் 7 நாள் கழித்து மறுபடி தேர்வுக்கு வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால்தான் 60 நாள் பொறுக்க வேண்டும். நீ காலை ஊன்றுவாய் என்று சட்டம் எழுதியவர்களே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். உனக்கு இன்னும் நான்கு மாதம் மிச்சம் இருக்கிறது.

அது போகட்டும். எட்டு உனக்குப் புதிதா, அம்மா? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவே குறுக்காக வெட்டி, இரண்டையும் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே இழையைக் கொண்டுவந்தால் அதன் பெயர் என்ன? நாற்பது வருடமாக வாசலில் தினமும் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

ஒரு மார்கழியில் எனக்குச் சிக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தாய். இழையை நான் தப்பான புள்ளிக்குக் கொண்டுபோகும்போதெல்லாம், "எங்கே போய் மாட்டிக்கொண்டது பார்" என்று சிரித்துக்கொண்டே புறங்கையால் தேய்ப்பாய். ஒரு நாள் அப்படித் தப்பிய இழையை அழிக்கக்கூட இல்லை. அதை அப்படியே வளைத்து, ஓரத்தில் மூன்று புள்ளி சேர்த்து வேறு கோலமாக்கிவிட்டாய். எதிர்வீட்டுப் பெரியம்மா அது எத்தனை புள்ளி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். நீயும் வாய் கூசாமல் ஒரு கணக்குச் சொன்னாய்.

கோலம் போடும்போது உன் கண் மாவு விழும் இடத்தில் இருக்காது, அடுத்த புள்ளியில் இருக்கும். ஸ்கூட்டரில் ஏறியதும் ஏன் முன்சக்கரத்தையே பார்க்கிறாய்? கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். மெதுவாகப் போகையில் வண்டி சாயத்தான் செய்யும். சாயும் பக்கமே ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்பினால் நிமிரும். நீ பயத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டுவிடுகிறாய், அதோடு வண்டி நின்று கால் கீழே வந்துவிடுகிறது. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடியே இடக்கையால் பின் பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டு திரும்பிப் பார். எவ்வளவு லேசாக என்று என்னால் சொல்லித்தர முடியாது. கோலமாவை எவ்வளவு கிள்ளி எடுப்பது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

இங்கே புதுச்சேரியில் ஞாயிறுதோறும் நான் பெத்தாங் ஆடப் போவது உனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். முக்கால் கிலோ அளவு எடையுள்ள இரும்புக் குண்டை, ஆறு முதல் பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக் குண்டுக்கு அருகில் வீச வேண்டும். பெத்தாங் என்றாலே காலை ஊன்றி நிற்பது என்று பொருள். உனக்குக் கால் தரையில் படக் கூடாது, எனக்குக் கால் தரையை விட்டு எழக் கூடாது. நம் இருவர் ஜாதகத்திலும் காலில்தான் கோளாறு.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் காலைப் பற்றியதுதான். தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் ஜூல் லெனுவார் என்று ஒருவர். ஓடிவந்து குண்டு வீசும் பழைய ஆட்டத்தில் கைதேர்ந்தவர். மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. 1910 வாக்கில், நின்ற இடத்திலிருந்தே வீசும்படி, மைதானத்தையும் சுருக்கி, அவருக்காக விதியையே மாற்றிவிட்டார்கள்.

13 புள்ளி எடுத்தால் வெற்றி. 13-0 என்று தோற்றிருக்கிறேன். அதற்கு 'ஃபனி' என்று தனிப் பெயரே உண்டு. அன்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. குண்டு விலகிப் போனால் இங்குள்ள கிழவர்கள் தலையில் கைவைப்பதில்லை. போய்க் குனிந்து, எந்தக் கல்லில் பட்டுத் திரும்பியது என்று பார்க்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வந்து அப்படிக் குனிந்து பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கடலூர் வருகிறேன். மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன் நாம் போய்விடலாம். தரையில் நீயே கோலமாவால் எட்டுப் போடு. முதலில் பெரிதாக, பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் சிறிதாக. கால் ஊன்றும் இடத்திலெல்லாம் நான் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளிகள் எங்கே அதிகம் சேர்கின்றன என்று கடைசியில் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். இடது வளைவில்தான் என்பது என் பந்தயம். தோற்றால் காபி என் செலவு. ஹெல்மெட் இல்லாமல் வந்தால் ஆட்டம் கிடையாது.

மாவு ஒரு கிலோவாவது எடுத்து வை. அப்பா கேட்டால் மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மகள்