மேல் சரிவு ஓடைகளில் கல் தடுப்பு அடுக்க அனுமதி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: நீர்வடிப்பகுதி மீட்புக் குழுவினர்
பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு மூன்று மனுக்கள் கொடுத்தோம். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில் இல்லை. அந்தச் சரிவும் அடியிலுள்ள குளமும் தாங்கள் நேரில் பார்த்த இடங்கள். ஆகவே விவரிக்கவில்லை.

1. வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினோம். சரிவின் ஒரு பகுதியில் மேய்ச்சலை நிறுத்திவைக்க ஆடுமாடு வளர்ப்பவர்களே சம்மதித்தார்கள். (அந்தப் பேச்சுக்குத்தான் அதிக நாள் பிடித்தது.) ட்யூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் சம உயரம் பார்ப்பது) வைத்துக் கோடு போட்டு, சரிவில் இறங்கும் மழைநீரைத் தேக்க அகழி வெட்டினோம்.

2. இந்த வேலை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மேடு தங்கள் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி வராததால் நாங்கள் நடுவில் தொடங்கினோம். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். மண் குடித்தது போக மிச்சம் மொட்டைச் சரிவில் மண்ணை வாரிக்கொண்டு இறங்குகிறது. வெட்டிய அகழி ஒரே மழையில் தூர்ந்தது. மறுபடி வெட்டினோம், மறுபடி தூர்ந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது பாதிப் பேர் வரவில்லை. வந்த ஒரு அம்மா, "மேலே அடைக்காம கீழே எத்தனை தடவைப்பா வெட்டுறது?" என்று கேட்டார். நாங்கள் என்ன சொல்வது ஐயா? மண்வெட்டியோடு வந்து நின்றவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். இனி எந்த முகத்தோடு அவர்கள் வாசலுக்குப் போவது?

3. பணம் கேட்கவில்லை. இயந்திரமும் கேட்கவில்லை. ஓடையில் கிடக்கும் கல்லையே சிமென்ட் இல்லாமல் அடுக்குவோம். நடுவில் தாழ்த்தி வைப்பதால் வெள்ளம் கரையை அரிக்காமல் வழியும். வேகம் குறைந்து வண்டல் மேலேயே தங்கும். ஒரு மரத்தையும் தொடமாட்டோம்.

4. ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் 1980-களில் தொடங்கி ஊரார் ஜோஹட் என்னும் மண்கரைகளைக் கட்டி, வறண்ட அர்வரி ஆற்றில் மீண்டும் நீர் ஓடவைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கும் கை இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை!

5. தர முடியாதென்றால் அதையாவது எழுதுங்கள். காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்வோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எங்களோடு சரிவில் ஏறிப் பாருங்கள். அடுத்த மழைக்கு முன் அனுமதி தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
குழுவினர்