அண்ணியிடம் முதலில் படித்துக் காட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார். உங்கள் நாடகக் குழு கலையாமல் நடக்கிறது என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அண்ணனின் சாவை வைத்து நாடகம் எழுதுகிறாய், அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதெல்லாம் அப்படியே வசனமாக வந்து விழுகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'கடற்பறவை' நாடகத்தை மறுபடி எடுத்தேன்.

அதில் திரெப்லெவ் என்ற இளம் எழுத்தாளன், தான் சுட்ட பறவையைக் கொண்டுவந்து, தான் காதலிக்கும் நீனாவின் காலடியில் வைக்கிறான். பெரிய எழுத்தாளன் திரிகோரின் அதைப் பார்த்ததும் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறான்: ஏரிக்கரையில் ஒரு பெண், தற்செயலாக வந்தவன் ஒருவன், வேறு வேலை இல்லாமல் அவளை அழித்துவிடுகிறான். பிறகு அதையே நீனாவுக்குச் செய்கிறான். அவளுக்குக் குழந்தை பிறந்து இறந்துபோகிறது. அவன் பழைய உறவுக்கே திரும்பிவிடுகிறான். இரண்டு வருடம் கழித்து, 'நீங்கள் சொல்லித்தானே பாடம் செய்து வைத்தோம்' என்று அந்தப் பறவையை எடுத்துக் காட்டுகிறார்கள். 'நினைவில்லை' என்கிறான்! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

இத்தனைக்கும் அவன் கெட்டவன் இல்லை. பியானோ மாதிரி ஒரு மேகம் போனால்கூட, இதை எந்தக் கதையில் சேர்க்கலாம் என்று மனம் ஓடுகிறதே என நீனாவிடமே சொல்லி வருந்துகிறான்.

இதற்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். செகாவின் தங்கைக்குத் தோழி லீகா மிசினோவா. செகாவை நேசித்தவள். அவர் பிடிகொடுக்கவே இல்லை. கடைசியில் அவருடைய நண்பர், கல்யாணமான எழுத்தாளர் பொத்தாபென்கோவோடு பழகினாள். 1894இல் பாரிஸில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த மனிதர் மனைவியிடமே போய்விட்டார். 1895இல் செகாவ் இந்த நாடகத்தை எழுதினார். அதில் வருபவன் பொத்தாபென்கோவைப் போலவே இருக்கிறானென்றால் நாடகத்தை மேடையேற்றவோ அச்சிடவோ கூடாது என்று தன் நண்பரும் பதிப்பாளருமான சுவோரினுக்குக் கடிதமும் எழுதினார். ஆனாலும் 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் நாடகம் மேடையேறியது. அதற்காகத் தணிக்கை அலுவலகத்துக்கு அலைந்து கொடுத்ததே பொத்தாபென்கோதான். அடுத்த மாதம் லீகாவின் குழந்தை நிஜமாகவே இறந்துபோனது.

முதல் நாள் ஜனங்கள் சிரித்துக் கூச்சலிட்டார்கள். இனி நாடகமே எழுதுவதில்லை என்று செகாவ் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து மாஸ்கோ கலை அரங்கில் அதே நாடகம் கொண்டாடப்பட்டது. அது உனக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கைதட்டலை லீகா எப்படிக் கேட்டிருப்பாள் என்றுதான் நான் யோசிக்கிறேன்.

செகாவ் எழுதியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டில் குறிக்கும் அந்தக் கையையே மேடையில் வைத்துக் காட்டினாரே, குற்றவாளிக் கூண்டில் தானும் ஏறி நின்றாரே, அதனால்தான் நாடகம் இன்றும் சுடுகிறது. உன் நாடகத்தில் நீ எங்கே இருக்கிறாய்? அண்ணி அழும்போது பக்கத்தில் நின்று மனதுக்குள் குறித்துக்கொண்ட தம்பி அதில் வருகிறானா? வரட்டும், நண்பா.

இன்னொன்று. திரெப்லெவ் புது வடிவம் வேண்டும் என்று கத்தியவன். நான்காம் அங்கத்தில் தன் எழுத்தையே படித்துப் பார்த்து, தேய்ந்த நடைக்குள் விழுந்துவிட்டோம் என்று புரிந்துகொள்கிறான். அந்த இடத்தை நீ இரண்டு தடவை படி. விழாக் கமிட்டி கேட்கிறது என்று கடைசிக் காட்சியில் அண்ணனைக் கனவில் வரவழைக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அது வேண்டாம். அண்ணன் வரமாட்டார் என்பதுதானே அந்த வீட்டின் துக்கம்.

எழுதியவரைக்கும் போய் அண்ணியிடம் படித்துக் காட்டு. வேண்டாம் என்று அவர் சொல்லும் வரிகளை எடுத்துவிடு. மிச்சத்தை எனக்கு அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் நண்பன்